நான் மறைத்ததை அம்பாள் நேர்ச்சையாக்கினாள்

கோமதி அம்பாள் அடியார்கள் எல்லோருக்கும், சங்கரன்கோவிலில் சவரக்கடை வைத்துப் பிழைக்கும் அடியேன் எழுதிக்கொண்டது.

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் மூன்றாம் வகுப்புவரைதான் படித்தேன். எழுத்து கோட்டைத் தாண்டி மேலும் கீழுமாகப் போகும். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. பிழை இருக்கும். திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை பஜனையில் ஒவ்வொருவரும் எழுந்து, தங்களுக்கு அம்பாள் செய்ததைச் சொல்லுகிறீர்கள். என் முறை வருகிற மாதிரி இருந்தால், செருப்பைத் தேடுகிற சாக்கில் நான் வெளியே போய்விடுவேன். ஆறு வருஷமாக இப்படியே செய்கிறேன். சவரத் தொழில் செய்கிறவன் வாயாடியாக இருப்பான் என்று ஊரில் நினைப்பார்கள். எனக்கு அது வாய்க்கவில்லை. நாற்காலியில் உட்காருகிறவர்கள் பேசுவார்கள். நான் "ம்" போடுவேன். அவ்வளவுதான். ஆகையால் எழுதித் தருகிறேன். யாராவது வாசியுங்கள். வாசிக்கும்போது நான் அங்கே இருக்க மாட்டேன்.

எழுதப்போவது என் மனைவி சண்முகத்தாயின் உடம்பைப் பற்றியது. இதையெல்லாம் நாலு பேர் கேட்க எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன். "எழுதுங்க. என் தாடையை எழுதுங்க. அதோட உங்க வாயையும் சேத்து எழுதுங்க" என்றாள். அவள் உத்தரவு கொடுத்த பிறகுதான் பேனாவை எடுத்தேன்.

எங்கள் கல்யாணம் விக்கிரம வருஷம் வைகாசியில், இங்கிலீஷுக்கு 1940இல் நடந்தது. எனக்கு இருபத்தாறு வயது. அவளுக்குப் பதினேழு. ராயகிரிப் பெண். எங்களில் ஆண்கள் சவரம் செய்வார்கள், பெண்கள் பேறுகாலம் பார்ப்பார்கள். என் அம்மாவுக்கு அதில் இந்த ஊரில் பெரிய பெயர். எந்தத் தெருவில் வலி கண்டாலும் எங்கள் வாசலில்தான் வண்டி வந்து நிற்கும். அப்பேர்ப்பட்ட மருத்துவச்சி வீட்டு மருமகளுக்குப் பிள்ளை இல்லை. எட்டு வருஷமாக இல்லை.

அவளுக்கு மாதவிலக்கு மாதத்துக்கு ஒரு தடவை வந்ததே கிடையாது. வருஷத்துக்கு இரண்டு தடவை வரும், சில வருஷம் மூன்று. கல்யாணமான புதிதில் நாள் தள்ளிப்போனதும் அம்மா தெருவெல்லாம் சீனி கொடுத்துவிட்டாள். நாலாம் மாதம் சண்முகத்தாய் வீட்டுக்கு வெளியே உட்கார்ந்தாள். அடுத்த வருஷமும் அப்படியே ஆயிற்று. அதற்கப்புறம் நாள் தள்ளினாலும் யாரும் சந்தோஷப்படவில்லை.

உடம்பு பெருத்தது. அதுவும் வயிற்றிலும் இடுப்பிலும்தான் பெருத்தது. கழுத்தைச் சுற்றி மைபூசினது மாதிரிக் கறுத்தது. அம்மா அதை அழுக்கு என்று நினைத்தாள். "ஏட்டி, குளிக்கியா, தண்ணிய மோந்து பாத்துட்டு வாரியா?" என்று சொல்லி, பீர்க்கங்கூட்டைக் கொண்டு தேய்த்தாள். தோல் சிவந்து ரத்தம் கசிந்தது. கறுப்புப் போகவில்லை.

பிறகு தாடையில் முடி வந்தது.

1945 என்று நினைக்கிறேன். ஒரு நாள் காலையில் அவள் மோவாயில் சின்ன வெட்டுக்காயம் பார்த்தேன். அருவாமனை பட்டுவிட்டது என்றாள். அருவாமனை வெட்டும் கத்தி வெட்டும் எனக்குத் தெரியாதா? என் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பழைய கத்தி ஒன்று இடம் மாறி இருந்தது. அவளாகவே கண்ணாடி இல்லாமல் வழித்திருக்கிறாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை, கடை அடைப்பு நாள், அடுக்களைக் கதவைச் சாத்திவிட்டு, வெந்நீர்க் கிண்ணத்தோடு அவள் எதிரே உட்கார்ந்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைத் தூக்கிக் காட்டினாள். ஊரில் எத்தனையோ தாடை வழித்த கை. அன்றைக்குக் கத்தியை இரண்டு தடவை தீட்டிக்கொண்டது. அதிலிருந்து ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் இது எங்கள் வீட்டில் நடந்தது.

எப்படியோ வெளியே தெரிந்துவிட்டது. குழாயடியில் எந்தப் பெண் உற்றுப் பார்த்தாளோ தெரியாது. ஒரு நாள் கடையில் நாலைந்து பேர் இருக்கும்போது, நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், முகத்தில் சோப்பு நுரையோடு, "ஏன்டே, ஊருக்கெல்லாம் செவ்வாக்கிழமை லீவுங்கே. ஒன் வீட்டுல மட்டும் அன்னைக்கு ரெண்டு தாடை வழிக்கியாமே, நெசமா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன்.

இதை எழுதாமல் விடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் இதை விட்டுவிட்டால் மற்றதை எழுதி என்ன பிரயோசனம்? அவர்களோடு சேர்ந்து நானும் பல்லைக் காட்டினேன். வீட்டுக்குப் போய் அவள் போட்ட சோற்றைத் தின்றேன்.

இனி அம்மா கொடுத்த மருந்தைச் சொல்ல வேண்டும். அது யுத்தமும் யுத்தத்துக்குப் பிந்தின பஞ்சமுமான காலம். அரிசிக்கு ரேஷன். ஊரெல்லாம் கம்பும் சோளமும் தின்றது. எங்கள் வீட்டில் மட்டும் குறைவில்லை. பேறுகாலம் பார்த்த வீடுகளிலிருந்து அம்மாவுக்கு நெல் வரும், கருப்பட்டி வரும், நல்லெண்ணெய் வரும். அம்மா அதில் தனக்கென்று ஒன்றும் எடுத்துக்கொள்ள மாட்டாள். எல்லாம் மருமகளுக்குத்தான். வயதுக்கு வந்த பெண்ணுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் நம் பக்கத்தில் உளுந்தங்களி கொடுப்போம் அல்லவா? அதை அம்மா தினமும் கிண்டினாள். கருப்பட்டிப் பாகு தாராளமாக விட்டு, நல்லெண்ணெய் மிதக்க மிதக்க, காலையில் ஓர் உருண்டை, சாயங்காலம் ஓர் உருண்டை. "கர்ப்பப்பைக்குப் பலம் வேணும்லா. தின்னு மக்கா" என்று பக்கத்தில் உட்கார்ந்து தின்ன வைப்பாள். வைகிற அம்மாதான் ஊட்டியும் விடுவாள். ஓரகத்தி நாத்தனார் இல்லாத வீடு. அவளை அம்மா பகைத்தாள் என்று நான் சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

சர்வசித்து வருஷம் பங்குனியில், அதாவது 1948 மார்ச் மாதக் கடைசியில், பாளையங்கோட்டைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்கு அவளைக் கூட்டிப் போனேன். அம்மாவிடம் கேட்டபோது அவள் முகம் சுண்டிப்போயிற்று. "ஊர்ப் பிள்ளையெல்லாம் என் கையில விழுது. என் மருமவள ஆஸ்பத்திரியில காட்டப் போறியாலே? போ, போ" என்றாள். அவள் சொன்ன "போ" எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் போனேன். அன்று ஒரு நாள்தான் எனக்குத் தைரியம் இருந்தது. போகும்போது இருந்தது, திரும்பும்போது இல்லை.

அங்கே ஒரு டாக்டரம்மா. நம் பக்கத்து மனுஷிதான். சண்முகத்தாயை உள்ளே வைத்து வெகு நேரம் சோதித்தார்கள். அவள் சேலை மாற்றிக்கொண்டிருக்கும்போது என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்கள். நான் நின்றேன்.

"வயித்துக்குள்ள கர்ப்பப்பைக்கு ரெண்டு பக்கமும் ஓவரின்னு ரெண்டு இருக்கும், வாதுமைக்கொட்டை அளவுக்கு. மாசம் ஒரு முட்டை அதில முத்தி வெளிய வரணும். இவங்களுக்கு எதுவுமே முத்தி வரலை. சின்னச் சின்னக் கொப்புளமாத் தோலுக்கடியிலயே நின்னுபோகுது. கையால தொட்டாலே ரெண்டும் பெரிசாத் தெரியுது" என்றார்கள். ஒரு காகிதத்தில் படம் போட்டும் காட்டினார்கள். திராட்சைக் குலையை ஒரு பைக்குள் போட்டு இறுக்கின மாதிரி இருந்தது.

தாடையைப் பற்றி நான் கேட்கவில்லை. அவர்களே சொன்னார்கள். ஆண்களுக்குச் சுரக்கிற நீர் எல்லாப் பெண்களுக்கும் கொஞ்சம் சுரக்குமாம். இவளுக்கு அது கூடிவிட்டதாம். அதனால்தான் முடி. "இது பாவமும் இல்ல, சாபமும் இல்ல, ஆம்பளையா மாறுறதும் இல்ல. யாராவது அப்படிச் சொன்னா நம்பாதீங்க" என்றார்கள்.

பிறகு, "இவங்க அம்மாவுக்கு நீரிழிவு உண்டா?" என்று கேட்டார்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ராயகிரியில் என் மாமியாருக்கு நீரிழிவில் கால்விரல் ஒன்றை எடுத்திருந்தார்கள். உண்டு என்றேன். "நெனச்சேன். இவங்க சிறுநீர்லயும் லேசாச் சர்க்கரை தெரியுது. கழுத்துக் கறுப்பு அழுக்கு இல்ல. சர்க்கரையை இந்த உடம்பு சரியாச் செலவழிக்கலை. அதுக்கும் ஓவரிக்கும் ஏதோ தொடர்பு இருக்கு. முழுசா எங்களுக்கே இன்னும் தெரியாது. சில ஊர்ல வயித்தை அறுத்து ஓவரியில ஒரு துண்டு எடுக்காங்க. நான் அதை முதல்ல சொல்ல மாட்டேன். முதல்ல உடம்பு குறையணும். தினமும் என்ன சாப்பிடுறாங்க?"

"களி" என்றேன்.

"என்ன களி?"

சொன்னேன்.

"தினமுமா? கருப்பட்டி போட்டா?" டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். "ஐயோ, அது நல்ல பண்டந்தான். இவங்களுக்கு இப்ப அது ஆகாது. நிறுத்துங்க. இனிப்பை அடியோட நிறுத்துங்க. நெல்லுச்சோறைக் குறைச்சு கம்பு, குதிரைவாலின்னு அளவாக் குடுங்க. தினமும் ஒரு மணி நேரம் நடக்கச் சொல்லுங்க. ஒரு வருஷம் செய்யுங்க. யாரு இந்தக் களியைக் குடுக்கிறது?"

என் அம்மா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "வீட்டுல" என்றேன்.

அதற்குள் ஒரு நர்ஸ் ஓடி வந்து கூப்பிட்டாள். ஏதோ கஷ்டமான பிரசவம். டாக்டரம்மா எழுந்துகொண்டே, "நான் சொன்னதை நீங்களே அவங்ககிட்ட விவரமாச் சொல்லிருங்க. மறந்துராதீங்க" என்றார்கள்.

நான் மறக்கவில்லை. ஒரு சொல்கூட மறக்கவில்லை.

பஸ்ஸில் சண்முகத்தாய் கேட்டாள். "என்ன சொன்னாங்க?"

யோசித்துப் பார்த்தேன். டாக்டரம்மா சொன்னதைச் சொன்னால் இவள் களியை வேண்டாம் என்பாள். ஏன் என்று அம்மா கேட்பாள். உன் கைமருந்துதான் கெடுத்தது என்று அம்மா முகத்துக்கு நேரே நான் சொல்ல வேண்டிவரும். மருத்துவச்சி மருந்து மருமகளுக்கே ஆகவில்லை என்று ஊர் பேசும். அம்மா தாங்குவாளா? இப்படியெல்லாம் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அம்மா எதிரே நின்று பேசப் பயம். அதுதான் உண்மை.

"சத்துக் குறைவாம்" என்றேன்.

வீட்டிலும் அதையே சொன்னேன். அம்மா முகம் மலர்ந்துவிட்டது. "நான் சொல்லலையா? இதச் சொல்லதுக்கு ஒரு டாக்டரா?" என்று இடுப்பில் சேலையைச் சொருகிக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தாள். மறுநாள் முதல் மூன்று உருண்டை.

சித்திரை போயிற்று. வைகாசி போயிற்று. அவள் தின்பதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இதை வாசிக்கிறவர்களே, என் இடத்தில் ஒரு கல்லை வைத்திருந்தாலும் அது புரண்டு படுத்திருக்கும். நான் பேசவில்லை.

ஆனியில் வாசுதேவநல்லூரிலிருந்து என் தாய்மாமா வந்தார். அவருக்குக் கல்யாண வயதில் ஒரு மகள். வந்தவர் சுற்றி வளைக்கவில்லை. "எட்டு வருஷம் காத்தாச்சு. இனி என்ன மாப்ள, காஞ்ச வயக்காட்டுக்குக் காவலா? எம்மவ இருக்கா. ஆவணியில முகூர்த்தம் வச்சுருவோம்" என்றார். சண்முகத்தாய் அடுக்களைக்குள் இருந்தாள். பாத்திரச் சத்தம் நின்றுபோயிற்று.

அம்மா என்னைப் பார்த்தாள். "ஒனக்குச் சம்மதமாலே?"

நான் தரையைப் பார்த்தேன்.

"அவன் எப்பவும் இப்படித்தான். சரின்னு அர்த்தம்" என்றார் மாமா. ஆடித் தபசுத் திருவிழா முடிந்ததும் சண்முகத்தாயை ராயகிரிக்கு அனுப்புவது என்று பேசி முடித்தார்கள். கொஞ்ச நாள் அங்கே இருந்துவிட்டு வரட்டும் என்றார்கள். அந்தக் கொஞ்ச நாள் எத்தனை வருஷம் என்று யாரும் சொல்லவில்லை. அவளுக்கு ராயகிரியில் ஓலைக்குடிசையும் நோயாளித் தாயாரும் தவிர வேறொன்றும் இல்லை. உள்ளேயிருந்து அவள் வெளியே வந்து எல்லோருக்கும் இலை போட்டாள். எனக்கும் போட்டாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. காலையில் அம்பாள் சந்நிதிக்குப் போனேன். எட்டு வருஷமாகப் பிள்ளை வேண்டும் என்றுதான் கேட்டிருக்கிறேன். அன்றைக்குப் பிள்ளை கேட்கவில்லை. கேட்க யோக்கியதை இல்லை. "தாயே, எனக்கு வாய் இல்லை. நான் சொல்ல வேண்டியதை வேறு யார் வாயிலாவது நீ வை. அந்தக் களி நிற்க வேண்டும். அவள் வீட்டில் இருக்க வேண்டும்" என்று வேண்டினேன். அழுகை வந்தது. அதையும் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று, பிரசாதப் புற்றுமண்ணைக் குழைத்து முகமெல்லாம் பூசிக்கொண்டேன். கோழை கும்பிட்ட கும்பிடு அது. ஆனாலும் மனசாரக் கும்பிட்டேன்.

அடுத்த மாதமே, சர்வதாரி வருஷம் ஆடியில், தபசுக் கொடி ஏறியது. அன்று காலை மாமா வந்திருந்தார். சண்முகத்தாய் கோயிலுக்குப் போய்விட்டு ஈரத்தலையோடு வந்தாள். அம்மா களி உருண்டையோடு தட்டை நீட்டினாள். அவள் வாங்கவில்லை.

"அத்தை, நான் அம்மனுக்கு நேர்ந்துக்கிட்டேன்" என்றாள்.

"என்னன்னு?"

"அடுத்த ஆடித் தபசு வரைக்கும் இனிப்பத் தொடமாட்டேன். கருப்பட்டி, சீனி, பழம்கூடக் கிடையாது. நெல்லுச்சோறு கிடையாது. பகல்ல ஒரு நேரம் கம்போ குதிரைவாலியோ, சாயங்காலம் ரெண்டு வாய் கீரையும் மோரும். தெனமும் விடியக்காலம் கோயில்ல பதினோரு ஆடிச்சுத்து. ஒரு வருஷம் முடியிற வரைக்கும் அம்மன் ஊர் எல்லையைத் தாண்ட மாட்டேன். அப்புறம் நீங்க எங்க அனுப்புனாலும் போறேன்."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

அடியார்களே, அவளுக்கு ஒன்றுமே தெரியாது. டாக்டரம்மா சொன்னது என் ஒருவன் காதில்தான் விழுந்தது. நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. இனிப்பு, நெல்லுச்சோறு, கம்பு, நடை, ஒரு வருஷம். வரிசைகூட மாறவில்லை. ஆடிச்சுற்று என்பது நம் ஊரில் புதிதல்ல. ஒற்றைக்காலில் தபசு நிற்கிற அம்பாளின் கால்வலியில் பங்கெடுத்துக்கொள்வதற்காகக் கொடி ஏறியதிலிருந்து தபசு வரைக்கும் எல்லோரும் கோயிலைச் சுற்றுகிறோம். ஒரு வருஷம் முழுக்கச் சுற்றுவதாக நேர்ந்தவளை நான் கேள்விப்பட்டதில்லை. ஏன் இப்படி நேர்ந்தாய் என்று வெகு நாள் கழித்துக் கேட்டேன். "எனக்குக் களின்னா உசிரு. உசிரா இருக்கத விட்டாத்தான நேர்ச்சை?" என்றாள்.

மாமா குதித்தார். "ஒரு வருஷமா? இது என்ன கூத்து! எம்மவ அதுவரைக்கும் உப்புல ஊறவா?"

அம்மா தட்டைக் கீழே வைத்தாள். "ஏய், நீ சும்மா இரு. நேர்ச்சையில நான் கை வைக்க மாட்டேன். ஒனக்குப் பொறுக்கலன்னா ஒம்மவளுக்கு வேற எடம் பாரு" என்று தன் தம்பியைப் பார்த்துச் சொன்னாள். அவர் கோபித்துக்கொண்டு போனார். தை மாதம் அந்தப் பெண்ணை நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார். அவள் நன்றாக இருக்கிறாள்.

சண்முகத்தாய் சுற்ற ஆரம்பித்தாள். முதல் பத்து நாள் கூட்டத்தோடு சுற்றினாள். தபசு முடிந்து கூட்டம் கலைந்த பிறகு தனியாகச் சுற்றினாள். காலில் வெடிப்பு விழுந்தது. மூச்சு வாங்கிச் சுவரோரம் உட்கார்ந்து எழுந்தாள். "அந்தத் தாடிக்காரி இன்னும் சுத்துதா" என்று யாரோ சொன்னது எனக்கே கேட்டது. நானும் பின்னால் போனேன். முதலில் இருபது அடி தள்ளித்தான் போனேன், யாரோ போல. புரட்டாசியில் ஒரு நாள் அவள் திரும்பிப் பார்த்து, "கூட வரதுன்னா வாங்க. கள்ளன் மாதிரி வராதீங்க" என்றாள். அதிலிருந்து பக்கத்தில் நடந்தேன்.

கார்த்திகையில் அவள் ரவிக்கைகளைப் பிடித்துத் தைத்தாள். மார்கழி பத்தாம் தேதி விலக்கானாள். அது ஒன்றும் பெரிய காரியமில்லை, எப்போதாவது வருவதுதான் என்று இருந்தோம். தை பதின்மூன்றாம் தேதி மறுபடியும் ஆனாள். முப்பத்திரண்டு நாள். மாசியிலும் ஆனாள். அம்மா வெளிச்சத்தில் வைத்து அவள் கழுத்தைப் பார்த்தாள். கறுப்பு வெளிறியிருந்தது. அம்மா கோயில் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். செவ்வாய்க்கிழமை தோறும் வழித்த தாடை, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை என்று ஆயிற்று. முற்றிலும் நின்றது என்று பொய் சொல்ல மாட்டேன். இன்றைக்கும் கொஞ்சம் உண்டு.

இத்தனையும் பார்த்தும் நான் வாயைத் திறக்கவில்லை. அதுதான் நடக்கிறதே, அம்பாளே செய்கிறாளே, நான் எதற்கு என்று இருந்துவிட்டேன். என் வேண்டுதல் பலித்ததையே எனக்குச் சாக்காக வைத்துக்கொண்டேன்.

விரோதி வருஷம் ஆடித் தபசு வந்தது. 1949. சுவாமி அம்பாளுக்குக் கொடுக்கிற காட்சியைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தோம். அம்மா முந்தின நாளே உளுந்து திரித்து வைத்திருந்தாள். புதுப் பானை, புதுக் கருப்பட்டி. ஒரு வருஷத்துக்குமாகச் சேர்த்துக் கிண்டியிருந்தாள். வீடே மணத்தது. "நேர்ச்சை முடிஞ்சுது மக்கா. ஒரு வருஷமாக் காஞ்ச உடம்பு. இனி நாளும் தின்னு, அம்மன் தந்ததக் கெடுத்துராத" என்று கண்ணீரோடு உருட்டிக் கொடுத்தாள். சண்முகத்தாய் சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். அவள் கண் அந்த உருண்டை மேலேயே இருந்தது.

இனி அம்பாள் வேறு யார் வாயில் வைப்பாள்? நேர்ச்சை முடிந்துவிட்டது. மறுபடியும் அந்தக் களி, மறுபடியும் அந்தக் கழுத்து, மறுபடியும் ஒரு மாமா. அறிந்தவன் நான் ஒருவன்தான்.

எழுந்தேன். அம்மா கைக்கும் அவள் கைக்கும் நடுவில் என் கையை வைத்தேன். உருண்டை என் கையில் விழுந்து சுட்டது.

"வேண்டாம்மா" என்றேன். "இது அவளுக்கு ஆகாது."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். திராட்சைக் குலை, சுரப்பு, சர்க்கரை, மாமியாரின் விரல், பஸ், சத்துக் குறைவு. கடையில் நான் சிரித்ததையும் சொன்னேன். என் வாழ்நாளில் அவ்வளவு நேரம் நான் பேசினதில்லை. சொல்லி முடித்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

அம்மா அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் அழுதாள். "ஏலே, பாவிப்பயலே! கழுத்துல கொடி சுத்துன பிள்ளைன்னா நானே வண்டி கெட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்புதவதான? எனக்குத் தெரியாதது உண்டுங்கது எனக்குத் தெரியாதாலே? அன்னைக்கே சொல்லியிருந்தா ஒன்னக் கடிச்சா தின்னிருப்பேன்? என் கையாலயே என் பிள்ளைக்கு வெசம் வைக்க விட்டியே!" என்றாள்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. யாரைத் தாங்க மாட்டாள் என்று நான் காப்பாற்றினேனோ, அவள் என்னைவிடப் பெரியவள். நான் பயந்தது இல்லாத ஒன்றுக்கு.

சண்முகத்தாய் அழவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"பஸ்ஸுல சத்துக் குறைவுன்னு சொன்னீங்களே, அப்ப என் முகத்தப் பாத்துச் சொன்னீங்களா, வெளிய பாத்துச் சொன்னீங்களா?"

"வெளியே பார்த்துத்தான் சொன்னேன்."

"முகத்தப் பாத்துச் சொல்லியிருந்தா இன்னைக்கே ராயகிரிக்குப் போயிருப்பேன்" என்றாள். எழுந்து போய் மோர் கரைத்துக் குடித்தாள். அதன் பிறகு பதினேழு நாள் என்னோடு பேசவில்லை. பதினெட்டாம் நாள் விடியற்காலம், "சுத்தப் போகணும், வாறீங்களா?" என்று கேட்டாள்.

அவள் இன்றும் சுற்றுகிறாள். களி எங்கள் வீட்டில் வருஷத்துக்கு ஒரு நாள்தான். அம்மா இப்போது பேறுகாலம் பார்க்கப் போகிற வீடுகளில், கழுத்து கறுத்துத் தேதி தப்புகிற பெண் இருந்தால், "அழுக்குன்னு தேய்க்காதீங்க, டாக்டர்ட்ட காட்டுங்க" என்று தானே சொல்லுகிறாள். என்னால் வந்த குறையை அவள் தீர்க்கிறாள்.

அடுத்த விகிர்தி வருஷம் ஒரு கரு தங்கி மூன்றாம் மாதம் கலைந்தது. அந்தத் துக்கத்திலும் நாங்கள் ஒருவருக்கொருவர் எதையும் மறைக்கவில்லை. கர வருஷம் மாசியில், 1952இல், பெண் பிறந்தாள். வயிற்றில் இருக்கும்போது நீரில் சர்க்கரை ஏறியதால் அதே டாக்டரம்மாவிடம்தான் பிரசவம். அம்மாவும் உள்ளே போனாள். இரண்டு பேரும் சேர்ந்துதான் பிள்ளையை எடுத்தார்கள். டாக்டரம்மா என்னைப் பார்த்து, "நான் சொன்னதை ஒழுங்காக் கேட்டிருக்கீங்க" என்று மெச்சினார்கள். நான் மறுத்துச் சொன்னேன். நான் கேட்கவில்லை, இவள் நேர்ந்துகொண்டாள் என்று நடந்ததைச் சொன்னேன். அவர்கள் திரும்பிச் சண்முகத்தாயின் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

பிள்ளை பிறந்ததுதான் அம்பாள் செய்த அற்புதம் என்று நீங்கள் நினைப்பீர்கள். நான் கேட்டது பிள்ளை அல்ல என்று முன்பே எழுதியிருக்கிறேன். வேறு யார் வாயிலாவது வை என்று கேட்டேன். வைத்தாள். ஒரு வருஷம் தவணை கொடுத்து, பிறகு என் வாயையும் திறக்க வைத்தாள். பிள்ளை அவள் மேற்கொண்டு கொடுத்தது. பிள்ளை இல்லாமல் போயிருந்தாலும் இந்தக் கடிதத்தை எழுதியிருப்பேன். எழுத ஆறு வருஷம் ஆனது அம்பாள் குற்றமல்ல.

என்னைப் போல் வெட்கப்பட்டு ஒதுங்குகிறவர்கள் இந்தக் கூட்டத்தில் இருப்பீர்கள். அம்பாளை நம்புங்கள். கூட்டத்தில் கேட்க முடியாததை அவள் காதில் கேளுங்கள், அவள் கேட்பாள். ஆனால் உங்கள் வீட்டுப் பெண்ணின் உடம்பைப் பற்றி ஒரு டாக்டர் உங்களிடம் சொன்ன சொல் ஏதாவது உங்களுக்குள்ளேயே கிடந்தால், கும்பிட்டு முடித்த கையோடு வீட்டுக்குப் போய், அவள் முகத்தைப் பார்த்து, அதை அவளிடம் சொல்லிவிடுங்கள். அவளுடைய உடம்பு அது. அவளுக்குத் தெரிய வேண்டும்.

பிழை பொறுக்கவும்.

இப்படிக்கு எழுதி முடித்தது, மன்மத வருஷம் ஆவணி மாதம் 14ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, இங்கிலீஷ் 30-8-1955.